புல்லுருவிச் சாறு பயிரைக் காக்குமா?

ஆய்வகத்தில் கிருமியைத் தடுக்கும் ஒட்டுண்ணிச் செடிகள் வயலில் எந்த அளவுக்கு உதவும்? சேலம், நாமக்கல் விவசாயிகளுக்கு ஒரு விளக்கம்.

மா அறுவடை முடிந்து கவாத்துக்காகத் தோப்பைச் சுற்றி வரும்போதுதான் பலரும் கிளைகளை நிமிர்ந்து பார்க்கிறார்கள். மா இலைகளுக்கு நடுவே தடித்த, சற்றே வெளிறிய பச்சை இலைகளுடன் வேறொரு செடி கொத்தாகத் தொங்கும். குழல் போன்ற செம்மஞ்சள் பூ வைத்திருக்கும். அதுதான் புல்லுருவி. அது ஒட்டிய இடத்தில் கிளை முடிச்சு விழுந்து வீங்கியிருக்கும். அதற்கு அப்பால் உள்ள நுனிக்கிளை நாளுக்கு நாள் மெலிந்து காய்ந்துகொண்டே வரும்.

இந்தப் புல்லுருவியைப் பற்றி இப்போது இன்னொரு பேச்சும் உலவுகிறது. 'புல்லுருவி இலையில் கிருமிகளைத் தடுக்கும் சத்து இருக்கிறது, காய்ச்சி வடிகட்டித் தெளித்தால் பாக்டீரியா நோய் அண்டாது' என்பதே அது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் முதல் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் வரை, இது உண்மையா என்று கேட்கிறார்கள்.

பாதி உண்மை. புல்லுருவி உள்ளிட்ட ஒட்டுண்ணிச் செடிகளின் சாறு சில கிருமிகளைத் தடுப்பது ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்து வயலில் தெளிக்கப் பரிந்துரை தர முடியாது. அந்தச் சாற்றை நம்பிப் புல்லுருவியை மரத்திலேயே விட்டுவைத்தால் நட்டம் மரத்துக்குத்தான்.

நம் பகுதியில் உள்ள ஒட்டுண்ணிகள்

புல்லுருவி முழு ஒட்டுண்ணி அல்ல. அதற்குப் பச்சையம் உண்டு. வெயிலில் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். தண்ணீரையும் தாதுச் சத்துகளையும் மட்டும் உறிஞ்சு வேர் மூலம் மரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மா, வேம்பு, கொய்யா, சப்போட்டா, புளி என்று நூற்றுக்கணக்கான மர வகைகளில் இது ஒட்டி வளர்கிறது. பூக்கொத்தி என்னும் சின்னஞ்சிறு பறவை இதன் பழத்தைத் தின்னும். விதையைச் சுற்றிப் பசை இருப்பதால், எச்சத்தோடு வரும் விதை கிளையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே முளைத்துவிடும்.

அம்மையார் கூந்தல் எனப்படும் கஸ்குட்டாவுக்கு இலை இல்லை. மஞ்சள் நூல்போலப் பயிரைச் சுற்றிக்கொள்ளும். பயிரைப் பற்றியதும் தன் வேரையே விட்டுவிடும். தனக்கு வேண்டிய உணவு முழுவதையும் பயிரிலிருந்தே எடுக்கும். குதிரை மசால் வயலில் இது பெரிய தொல்லை.

கொத்தான் பார்ப்பதற்கு அம்மையார் கூந்தலைப் போலவே இருக்கும். ஆனால் அது லவங்கப்பட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. வேலிகளிலும் புதர்களிலும் படரும். இதில் ஆல்கலாய்டு வகை நச்சுப் பொருள்கள் உண்டு. இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பறிப்பது ஆபத்து.

சோளக்காட்டுச் சுடுமல்லி வேரில் ஒட்டும் வகை. பலருக்கு வியப்பாக இருக்கும், சந்தன மரமும் ஒரு வேர் ஒட்டுண்ணியே. அதனால்தான் நாற்றங்காலில் அதற்குத் துணையாகப் பொன்னாங்கண்ணியோ துவரையோ வைக்கிறார்கள். சந்தன எண்ணெயில் உள்ள சாண்டலால் என்ற பொருளுக்குக் கிருமித் தடுப்புத் தன்மை உண்டு. ஒட்டுண்ணிச் செடியிலிருந்து பயனுள்ள பொருள் கிடைக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் சந்தன எண்ணெயை யாரும் வயலுக்குத் தெளிப்பதில்லை. ஒரு பொருளுக்குத் தன்மை இருப்பது வேறு, அது விவசாயிக்குக் கட்டுப்படியாவது வேறு.

ஆய்வகத்தில் என்ன பார்க்கிறார்கள்?

புல்லுருவியைப் பற்றி இந்தியாவில் பல ஆய்வுகள் நடந்துள்ளன. காயம் ஆற்றும் திறன், நுண்ணுயிர் எதிர்ப்பு, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்த இந்திய ஆய்வு ஒன்று 2008-ல் பன்னாட்டு ஆய்விதழில் வெளியானது. இலையில் குவர்செட்டின் வகை ஃபிளேவனாய்டுகளும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் உள்ளன. பெரும்பாலான பலன்களுக்கு இவையே காரணமாகக் கருதப்படுகின்றன.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை அளக்க டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் சாற்றைச் சேர்ப்பார்கள். சாற்றுக்குத் திறன் இருந்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். துவர்ப்புப் பொருள் நிறைந்த கொய்யா இலை, மாந்தளிர், தேயிலை ஆகியவையும் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும். ஊதா மஞ்சளானதால் பயிரின் நோய் நிற்கும் என்று பொருளில்லை. வெயிலிலும் காற்றிலும் இந்தப் பொருள்கள் தாமே ஆக்சிஜனேற்றம் அடைந்து வீரியம் இழக்கின்றன. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதே வகை மாற்றம்தான்.

பாக்டீரியா எதிர்ப்பை அளக்க, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் சாறு நனைத்த சிறு காகித வில்லையை வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். எந்தச் செடியை மேற்கொண்டு ஆராயலாம் என்று சலித்தெடுக்க இது நல்ல முறை. ஆனால் இது முதல் சல்லடை மட்டுமே.

தட்டிலிருந்து வயலுக்கு வரும்போது

முதலாவது, கிருமி வேறு. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் சோதிக்கப்படுபவை ஸ்டெஃபைலோகாக்கஸ், ஈ-கோலை போன்ற மனிதர்களைத் தாக்கும் கிருமிகள். பாக்டீரியாக்களைக் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என இரு பிரிவாகப் பிரிப்பார்கள். கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளிப்புறத்தில் கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. பல தாவரப் பொருள்கள் அதைத் தாண்டி எளிதில் உள்ளே போவதில்லை. நெல் இலைக்கருகல், எலுமிச்சை சொறி, வெற்றிலை இலைப்புள்ளி ஆகியவற்றை உண்டாக்கும் சாந்தோமோனாஸும், தக்காளி வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியாவும் கிராம் நெகட்டிவ் வகை. ஸ்டெஃபைலோகாக்கஸ் கிராம் பாசிட்டிவ். அதைத் தடுத்த சாறு நெல் வயலில் அதே வேலையைச் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, சாறு எடுக்கும் முறை வேறு. ஆய்வகத்தில் மெத்தனால், எத்தனால் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, கெட்டிச் சாற்றை எடுக்கிறார்கள். அந்தக் கரைப்பானில் கரையும் எல்லாப் பொருளும் தண்ணீரில் கரைவதில்லை. வீட்டு அடுப்பில் காய்ச்சிய சாறும் அந்தச் சாறும் ஒன்றல்ல.

மூன்றாவது, அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கெட்டிச் சாறு இருந்தபோது கிருமி நின்றது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் லிட்டருக்கு 100 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்புக் கரைசல் என்றால் 20 கிலோ கெட்டிச் சாறு வேண்டும். உலர்ந்த இலையின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாறாகக் கிடைத்தால் 200 கிலோ உலர் இலை தேவை. பச்சை இலையில் மூன்றில் இரண்டு பங்கு ஈரம் என்றால் 600 கிலோ இலை பறிக்க வேண்டும். இது ஒரு ஏக்கருக்கு, ஒரு தெளிப்புக்கு மட்டும். பத்தில் ஒரு பங்கு அளவே போதும் என்றாலும் 60 கிலோ இலை. மரமேறும் ஆள் கூலி தனி.

நான்காவது, வயலின் நிலைமை. பாக்டீரியா நோய்கள் மழைத்துளி தெறித்தும் காற்றோடு கூடிய மழையிலும்தான் வேகமாகப் பரவுகின்றன. அதே மழைதான் தெளித்த சாற்றையும் கழுவிவிடுகிறது. மேலும் கிருமி இலைத்துளை வழியாகவோ காயத்தின் வழியாகவோ உள்ளே போன பிறகு, இலையின் மேல் படிந்த சாறு அதை எட்டாது.

எந்த மரத்துப் புல்லுருவி?

வேம்பு எங்கே வளர்ந்தாலும் வேம்புதான். புல்லுருவி அப்படியில்லை. அது ஒட்டிய மரத்தின் நீரையே குடித்து வளர்வதால், மரத்தின் வேதிப்பொருள்களும் அதற்குள் வரலாம். அரளியில் ஒட்டி வளர்ந்த புல்லுருவி வகைகளில் அரளியின் இதய நஞ்சு இருப்பதை 1961-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஐரோப்பாவில் அங்குள்ள புல்லுருவி இனத்திலிருந்து மருந்து தயாரிக்கும்போது, ஆப்பிள் மரத்தில் வளர்ந்ததா, ஓக் மரத்தில் வளர்ந்ததா, பைன் மரத்தில் வளர்ந்ததா என்று பிரித்தே பெயரிடுகிறார்கள்.

ஆக, மா மரத்துப் புல்லுருவியில் கிடைத்த ஆய்வு முடிவு வேப்பமரத்துப் புல்லுருவிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஒரு தாய்மரத்திலிருந்து வந்த சாறு பயன்படலாம், இன்னொன்றிலிருந்து வந்தது பயனற்றுப் போகலாம், மற்றொன்றில் நஞ்சே இருக்கலாம். வெற்றிலை, கீரை, கொத்தமல்லி போன்றவை பறித்த ஓரிரு நாளில் பச்சையாகவே வாய்க்குப் போகிறவை. அவற்றின் மீது தாய்மரம் தெரியாத புல்லுருவிச் சாற்றையோ கொத்தான் சாற்றையோ தெளிப்பது கூடவே கூடாது. இயற்கைப் பொருள் என்பதால் மட்டும் எதுவும் பாதுகாப்பானது ஆகிவிடாது. அரளிக்கொட்டையும் இயற்கைதான்.

வேம்பும் சோளத்தாளும் வந்த வழி

தாவரச் சாறுகள் எல்லாமே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. முறையாகச் சோதித்துத் தேறியவை நம்மிடமே இருக்கின்றன.

1962-ல் டெல்லியில் வெட்டுக்கிளிப் படையெடுப்பின்போது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசலைப் பயிரில் தெளித்துப் பார்த்தார்கள். தெளித்த பயிரில் வந்து உட்கார்ந்த வெட்டுக்கிளிகள் அதைத் தின்னவில்லை. 1968-ல் அசாடிராக்டின் என்ற மூலப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. பிறகு அளவு, தெளிக்கும் நேரம், பாதுகாப்பு ஆகியவை பல பயிர்களில் சோதிக்கப்பட்டன. அதன் பிறகே 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் பரிந்துரையாக வந்தது. 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கும் முறை இன்று எல்லா ஊரிலும் தெரியும்.

நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸ் நோய்க்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த சோள இலை அல்லது தென்னை இலைச் சாறு இன்னொரு எடுத்துக்காட்டு. உலர்ந்த இலைப்பொடி ஒரு கிலோவுக்கு 2 லிட்டர் தண்ணீர் சேர்த்து, 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து, வடிகட்டி, 10 லிட்டராக்க வேண்டும். எக்டருக்கு 500 லிட்டர் வீதம், விதைத்த 10-ஆம் நாளும் 20-ஆம் நாளும் தெளிக்க வேண்டும். எந்த இலை, எவ்வளவு, எத்தனை டிகிரி, எந்த நாள் என்று எல்லாமே இதில் தெளிவாக இருக்கின்றன. புல்லுருவிச் சாற்றுக்கு இந்த விவரங்கள் வேண்டும்.

இந்தத் தேடல் அவசியமானதும்கூட. பயிருக்குத் தெளிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் ஆகிய ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தடை செய்வதற்கான வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. வயலில் கிருமிகள் இந்த மருந்துகளுக்குப் பழகிவிட்டால், மனிதர்களுக்கான சிகிச்சையிலும் அவை பலனற்றுப் போகும் என்பதே கவலை. மாற்று கட்டாயம் வேண்டும். அது சோதித்துத் தேறிய மாற்றாக இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க விரும்பினால்

ஆர்வமுள்ள விவசாயிகள் சிறிய அளவில் சோதிப்பதில் தவறில்லை. ஆனால் முறையாகச் செய்தால்தான் முடிவை நம்பலாம்.

● இலையை ஒரே வகைத் தாய்மரத்திலிருந்து மட்டும் பறிக்க வேண்டும். மா மரத்துப் புல்லுருவி என்றால் அது மட்டுமே. அரளி, எட்டி, எருக்கு போன்ற நச்சுத் தாவரங்களில் வளர்ந்ததைத் தொடக் கூடாது.

● பழம் இல்லாத கொத்துகளை எடுத்து, நிழலில் உலர்த்தி, எடைபோட்டு, தண்ணீரின் அளவோடு சேர்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

● முதலில் பத்து இலைகளில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். இலை கருகினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

● பிறகு மூன்று வகைப் பாத்திகள்: வெறும் சோப்புத் தண்ணீர் தெளித்தது, சாறும் சோப்பும் தெளித்தது, வழக்கமான பரிந்துரையைக் கடைப்பிடித்தது. ஒவ்வொன்றையும் வயலின் மூன்று இடங்களில் அமைக்க வேண்டும். வெறும் தண்ணீர்ப் பாத்தி இல்லாவிட்டால், நோய் குறைந்தது சாற்றாலா, மழை நின்றதாலா என்று தெரியாது.

● ஒவ்வொரு பாத்தியிலும் இத்தனை இலையில் இத்தனை இலைக்கு நோய் என்று எண்ணி எழுத வேண்டும். ஒரு பருவம் போதாது, இரண்டு பருவமாவது பார்க்க வேண்டும்.

● உண்ணும் இலைப் பயிர்களில் இந்தச் சோதனை வேண்டாம். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

இப்படிக் குறித்த நோட்டுப் புத்தகத்துடன் சந்தியூர் அல்லது நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனால் விஞ்ஞானிகளும் ஆர்வத்துடன் கவனிப்பார்கள். 'தெளித்தேன், நல்லா இருந்தது' என்று மட்டும் சொன்னால் அதை வைத்து மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

இப்போதைக்கு என்ன செய்வது?

மரத்தில் உள்ள புல்லுருவியை அகற்றுவதே முதல் வேலை. செடியை மட்டும் ஒடித்துப் போட்டால் உள்ளே இருக்கும் உறிஞ்சு வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். ஒட்டிய இடத்துக்குக் கீழே, மரத்தின் பக்கமாக ஓர் அடி விட்டுக் கிளையோடு அறுக்க வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசை பூச வேண்டும். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது அதற்கான அளவு. பழம் பழுக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். பழுத்தால் பறவை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோய்விடும். பக்கத்துத் தோப்புக்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன்.

பாக்டீரியா நோய்களுக்கு ஏற்கெனவே தேறிய முறைகள் உள்ளன. விதை நேர்த்திக்குக் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் போதும். நிலத்தில் இட ஏக்கருக்கு ஒரு கிலோவை மக்கிய தொழு உரத்துடன் கலந்துகொள்ளலாம். இதைச் செப்பு மருந்துகளுடன் கலக்கக் கூடாது. நெல் பாக்டீரியா இலைக்கருகலுக்கு 20 சதவிகிதப் புதுச் சாணக் கரைசலை, அதாவது 100 லிட்டருக்கு 20 கிலோ சாணத்தைக் கரைத்து வடிகட்டி, நோய் தென்பட்டதும் ஒரு முறையும் 15 நாள் கழித்து ஒரு முறையும் தெளிக்கலாம். தழைச்சத்தை அளவுக்கு மீறிப் போடாமல் இருப்பதும் பாதி வைத்தியம். தக்காளி வாடல் வந்த நிலத்தில் அடுத்து கத்தரி, மிளகாய் வைக்காமல் சோளம், மக்காச்சோளம் என்று பயிரை மாற்ற வேண்டும்.

வாசகர் கேள்விகள்

ஃபேர்லேண்ட்ஸில் வீட்டு மாமரத்தில் நான்கைந்து கிளைகளில் புல்லுருவி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டினால் மரம் பட்டுப்போகுமா?

நான்கைந்து கிளைகளை அறுப்பதால் வளர்ந்த மரம் பட்டுப்போகாது. அறுவடை முடிந்ததும் வெட்டி, போர்டோ பசை பூசுங்கள். பாதி மரத்துக்கு மேல் பரவியிருந்தால் மட்டும் இரண்டு ஆண்டுகளாகப் பிரித்து வெட்டலாம். முதலில் பழம் வைத்த கொத்துகளை எடுத்துவிடுங்கள்.

வெட்டிய புல்லுருவித் தழையை ஆட்டுக்குப் போடலாமா?

மா, வேம்பு போன்ற மரங்களில் இருந்து வெட்டியதை மற்றத் தழையோடு கலந்து கொஞ்சமாகப் போடலாம். அரளி போன்ற நச்சு மரத்தில் வளர்ந்தது என்றால் போடவே கூடாது. எந்த மரத்தில் வெட்டியது என்று தெரியாத தழையையும் தவிர்த்துவிடுங்கள்.

குதிரை மசாலில் அம்மையார் கூந்தல் வந்துவிட்டது. அதை அரைத்து அந்த வயலுக்கே தெளிக்கலாமா?

வேண்டாம். இதன் ஒரு விரல் நீளத் துண்டு பச்சைப் பயிர் மேல் விழுந்தாலே மீண்டும் பற்றிக்கொள்ளும். நோய் கடத்தும் ஆபத்தும் உண்டு. கத்தரி சிற்றிலை, எள் பூவிலை போன்ற நோய்களை உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மா கிருமிகளை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு மாற்ற, ஆய்வகங்களில் இந்தக் கொடியையே பாலமாகப் பயன்படுத்துகிறார்கள். பூக்கும் முன்பே, பற்றிய பயிரோடு சேர்த்து அடியோடு அறுத்து, அந்த இடத்திலேயே உலர்த்தி எரித்துவிடுங்கள். விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் அடுத்த முறை சுத்தமான விதை வாங்குவதும் முக்கியம்.

பாக்டீரியா நோய்க்கு 'மூலிகைச் சாறு' என்று பாட்டிலில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பயிருக்கான பூச்சி, நோய் மருந்து என்று சொல்லி விற்கப்படும் எதுவும் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண், மூலப்பொருளின் பெயர், அதன் சதவிகிதம், காலாவதி நாள் ஆகிய நான்கும் லேபிளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். வாங்கினால் ரசீதும் கேட்டுப் பெறுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பதில் கிடைக்கும்.